மகர் என்றால் ஆனால்

அந்தமான் விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனில் ஐம்பது வருடம் குடியிருந்தால், விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்தி, சத்தம் போனதும் விட்ட இடத்தில் தொடர வந்துவிடும். நடுவில் நான் நிறுத்தினால் தயங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம், மேடம். வெறும் பழக்கம். நீங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்றார்கள், தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூட வரலாற்று வாத்தியார். வீட்டில் தமிழ், வீதியில் இந்தி. அதனாலோ என்னவோ, துபாஷிகள் மேல் எனக்கு ஒரு பைத்தியம். கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரர்களுக்கும் நம் நெசவாளர்களுக்கும் நடுவில் நின்று பேசிக்கொடுத்தவர்கள் அவர்கள். துணியின் தரம், விலை, மிரட்டல், கெஞ்சல், எல்லாம் அவர்கள் வாய் வழியாகத்தான் போனது. நான் பார்த்த கடிதங்களில் பாதிப் பேருக்குப் பெயரே கிடையாது. 'நம் துபாஷி' என்பதோடு சரி. பதினோரு வருடம், விடுமுறைதோறும் கப்பலேறிச் சென்னை ஆவணக் காப்பகத்துக்குப் போய் அந்தப் பெயர்களைத் தேடினேன். நாற்பத்திரண்டு பேர் கிடைத்தார்கள்.

எழுதி முடித்ததைப் பேராசிரியர் சந்திரமோகனிடம் முன்னுரைக்காகக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து அது அவர் பெயரில் புத்தகமாக வந்தது. நன்றியுரையில் கடைசி வரி: 'அந்தமானில் மொழி உதவி புரிந்த உள்ளூர் அன்பருக்கும்.' என் மனைவி ரூபா வழக்குப் போடச் சொன்னாள். வழக்குப் போட்டால் அவருக்கு என்ன, ஒரு வக்கீல் செலவு. எனக்கு வயிறு எரிந்தது, மேடம். இப்போதும் எரிகிறது.

அதனால் அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினேன். இரண்டாம் பதிப்புக்கு உதவுமே என்று ஒரு செய்தியும் சேர்த்தேன். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறுகளில் கம்பெனிக்காரர்கள் இந்தத் தீவில் குடியேறப் பார்த்து, காய்ச்சலில் செத்து, விட்டுவிட்டுப் போனார்கள் அல்லவா? அந்தக் காலத்துச் செங்கல் சுவர் ஒன்று உப்பங்கழிக்குள் இருக்கிறது, இதுவரை யாரும் படமெடுக்கவில்லை என்றேன். அடுத்த மாதமே வந்து இறங்கிவிட்டார். ஆசை யாரை விட்டது.

படகுக்காரர் மண்டலுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. பேராசிரியருக்கோ, சின்ன வயதில் பிராத்மிக் பரீட்சைக்குப் படித்த இந்தி. தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்துக் கிளம்பினோம். நேரத்தைக் குறித்தது நான்தான்.

கண்டல் மரங்களுக்கு நடுவே சேற்றுக்கரை தெரிந்ததும் அவர் காமிராவை மாட்டிக்கொண்டு எழுந்தார். மண்டல் கையை நீட்டித் தடுத்தார். "நஹீ சாப், உதர் மகர்..." என்று வேர்ப்பக்கம் காட்டினார்.

"மகர்னா 'ஆனா'தானே, தம்பி? ஆனா என்னங்கறார்?"

பிராத்மிக் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். முதலைக்கும் அதே சொல்தான். மகரம் என்று நம் பாஷையிலேயே இருக்கிறது; கோயில் தோரணத்தில் அவரும் பார்த்திருப்பார்.

"ஆமா சார். ஆனா சேறா இருக்குமாம். பேன்ட்டை மடிச்சு விட்டுக்குங்க."

மண்டல் பக்கம் திரும்பி, சாபுக்கு எல்லாம் தெரியும், படகை ஒட்டியே இரண்டு நிமிடம் நிற்பார் என்று இந்தியில் சொன்னேன். இருவரும் என்னை நம்பினார்கள். கம்பெனி காலத்திலும் இதுதானே கதை. நடுவில் நிற்கிறவன் சொல்வதுதான் இரண்டு பக்கத்துக்கும் வேதவாக்கு.

ஏழெட்டு அடி நடந்தார். சுவர் எங்கே என்று கேட்டார். அங்கே சுவர் எதுவும் இல்லை, மேடம். மழைக்கு முன்னால் அதே இடத்தில் ஒரு மாட்டை முதலை இழுத்துப்போனது. அதை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் கடிதமே எழுதினேன்.

ஒரே ஒரு தடவைதான் கத்தினார். என்ன சொல்கிறார் என்று மண்டல் என்னைக் கேட்டார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அனுமதியில்லாமல் படகு விட்டதாக மண்டலை ஒன்பது நாளாகப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். இங்கே பக்கத்தில் டாலிகஞ்சில் அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பாவம், அவருக்காகத்தான் வந்தேன். இன்று காலைப் பேப்பருக்கும் நான் வந்ததற்கும் சம்பந்தமில்லை. 'உடன் சென்ற உள்ளூர் ஆசிரியருக்கு இந்தி சரியாகத் தெரியாததே விபத்துக்குக் காரணம்' என்று போட்டிருந்தார்கள். நீங்கள் கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். எனக்கு இந்தி தெரியாது என்று மட்டும் எழுதாதீர்கள்.