நெஞ்சைப் பிடிக்கும் ஜாக்கெட்

தெஹியோவிட்டயில் இருந்து அவிசாவளை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்குப் பெரிய மீசை.

"ஜாக்கெட் போட்டா நெஞ்சப் புடிக்குது" என்றான். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாப் பேசுங்க. கடல்ல மாட்டுற காத்துப் பைன்னு இவங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியாட்டிப் போகட்டும். வெள்ளைக்காரங்கள கடலுக்கு அடியில கூட்டிப் போறது நான். ஜாக்கெட்ல காத்த ஏத்துனா விலாவெல்லாம் இறுகுது. இன்னொரு வகைப் பையில காத்து முதுகுப் பக்கம் மட்டுந்தான். ஒரு சிலிண்டரக் கட்டிக்கிட்டு மீன் மாதிரி படுத்துக்கிட்டே போகலாம். ரெண்டுல எது வேணும்னு மொதலாளி மாத்தயா இன்னைக்குக் கேப்பாரு."

"தண்ணிக்கு மேல வந்தா?"

"கொஞ்சம் குப்புறத் தள்ளும். பின்னால சாஞ்சுக்கிட்டா சரியாப் போயிரும்."

"மயங்கிப் போய் மேல வந்தா யாரு சாயுறது?"

அவன் ஜன்னல் வழியாக ரப்பர் மரங்களைப் பார்த்தான்.

"அதெல்லாம் நடக்காது."

"ஜாக்கெட்டுன்னா குப்புறத் தள்ளாதா?"

"அவ்வளவு தள்ளாது. அதான் நெஞ்சப் புடிக்குதே."

அவள் அவன் நெஞ்சை அளப்பது போலப் பார்த்தாள்.

"ஒரு சைஸ் பெருசு இருக்கான்னு கேட்டீங்களா?"

"எத?"

"ஜாக்கெட்டதான்."

"கேக்கல."

"மூணு மாசமா" என்றாள் அவள், டிரைவருக்கே கேட்கும் குரலில். "மூணு மாசமா ஜாக்கெட் நெஞ்சப் புடிக்குதுன்னு என் உசுர வாங்குறீங்க."