நேந்துவிட்ட கடாவுக்கு ஆபரேஷன்

கால்நடை ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சை டாக்டரின் அறைக்கு வெளியே என் பூனையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மடுகரையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா. அவர் காலடியில் ஒரு கருப்புக் கடா, பின்னங்காலில் கட்டோடு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

“இதுக்குக் காலுக்குள்ள ஸ்டீல் பிளேட்டு வெச்சிருக்குது,” என்றார், நாயோடு வந்திருந்த வில்லியனூர்ப் பெண்ணிடம்.

“இன்னாக்கா ஆச்சு?”

“பைக்குல ஒருத்தன் இடிச்சிட்டான். ஆடித் திருவிழாவுக்கு எங்கூட்டுக்காரரு நேந்துவுட்ட கடா.”

“வெட்டப்போற கடாவுக்கா ஆபரேஷன்?”

“இனிமே வெட்ட முடியாது. உள்ள இரும்பு இருந்தா சாமிக்கு ஆவாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு. பொங்க வெச்சா போதுமாம்.”

“அண்ணன் ஒண்ணும் சொல்லலியா?”

“கொஞ்ச நாளு மூஞ்சியத் தூக்கினு இருந்தாரு. இப்ப அவருதான் தழை ஒடிச்சாந்து போடறாரு.”

அந்தப் பெண் குனிந்து கட்டைப் பார்த்தாள். “மாவுக்கட்டு போட்டிருந்தாலே எலும்பு சேந்திருக்குமேக்கா.”

“டாக்டரும் அதான் சொன்னாரு.” அந்த அம்மா இன்னொரு பிஸ்கட்டை உடைத்துக் கடாவுக்குக் கொடுத்தார். “நாந்தான் பூசாரியப் போய்ப் பாத்துட்டு வந்து, பிளேட்டே வெச்சுடுங்க சார்னேன்.”