தேத்தண்ணியை விட்ட பெண்கள்

எழுபதுகளில் ஒரு காலை, குடியேறிய நாட்டில் டண்டினொங் ஊருக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே தொழிற்சாலை உடுப்போடு இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள் இருந்தார்கள்.

"கடலிலை தேயிலை கொட்டினது பெரிய வேலையே, அக்கா?" என்றாள் இளையவள்.

"எந்தக் கடல்?"

"அமெரிக்காவிலை. மகளின்ரை சரித்திரப் புத்தகத்திலை கிடக்கு. இங்கிலாந்துக்காரன் தேயிலைக்கு வரி போட்டவன். ஆம்பிளையள் ஒரு இரவு கப்பலிலை ஏறிக் கொட்டிப்போட்டுப் பேர் வாங்கிட்டினம். பொம்பிளையளெல்லோ நெடுகத் தேத்தண்ணியை விட்டுட்டு, ஏதோ இலையை அவிச்சுக் குடிச்சவை. நீங்களோ எங்கடை தொழிற்சாலை ஸ்ட்ரைக்கை ஆம்பிளையளின்ரை வேலை எண்டுறியள்."

மூத்தவள் பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினாள். கொஞ்ச நேரம் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அவையள் காலமையிலையும் தேத்தண்ணி குடிக்கேல்லையோ?"

"குடிக்கேல்லை, அக்கா."

"கெட்டிக்காரியள். பின்னேரம் யூனியன் கூட்டத்துக்கு நானும் வாறன். இந்தத் தேத்தண்ணியை மட்டும் விடச் சொல்லிப்போடாதை."