வேகக் கட்டுப்பாட்டை எடுக்கச் சொன்னது நான்தான்

பெயர்: ரோஸ்விதா கெர்லாக். வயது: 67. தொழில்: லாரி ஓட்டுநர், தற்போது ஓய்வு. விலாசம்: ஏரிக்கரைத் தெரு, நாய்பிராண்டன்பர்க், ஜெர்மனி.

நான் மேற்கண்ட விலாசத்தில் தனியாக வசித்து வருகிறேன். எனக்கு ஹென்ட்ரிக் என்று ஒரே மகன். இதே ஊரில் மருந்துக்கடை நடத்துகிறான். என் மீது புகார் கொடுத்திருப்பது அவன்தான். பதில் சொல்லாமல் இருக்கவும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் எனக்கு உரிமை உண்டென்று ஆய்வாளர் வீப்கே ஹார்ம்ஸ் சொன்னார். இரண்டும் வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டினேன். முதலில் கிழக்கு ஜெர்மனி அரசுப் போக்குவரத்தில். அப்போது நெடுஞ்சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, நாட்டின் எல்லை வேலியையும் தாண்டக்கூடாது. வேலி போன பிறகு தனியார் கம்பெனியில் சேர்ந்து இத்தாலியின் மிலான் வரை சரக்கு கொண்டுபோனேன். அதன் பிறகு கொஞ்ச காலத்தில் லாரிகளுக்கு வேகக் கட்டுப்பாடு வந்தது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி தொண்ணூறைத் தாண்டாது. அது சரியான சட்டம். நாற்பது டன்னை வைத்துக்கொண்டு அதற்கு மேல் போகிறவன் கொலைகாரன். ஆனால் முந்திச் செல்லும் இடது தடத்தில் வரும் கார்கள் என் கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்து, மறு நொடி கதவோரம் காற்றால் ஓர் அறை கொடுத்துவிட்டுப் போகும். அதை ஓய்வு பெறும் வரை தினமும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு, ஏரிக்கரையில் இருந்த தோட்டத்தை விற்று எட்டு சிலிண்டர் கார் ஒன்றை வாங்கினேன். தக்காளி போட எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, கார் ஓட்ட ஒத்துழைக்கிறது. அந்தக் காரின் வேகம் இருநூற்றைம்பதில் நின்றுவிடும். இன்ஜினில் சக்தி இல்லாமல் இல்லை. தொழிற்சாலையிலேயே அதன் கணினியில் அப்படி எழுதி அனுப்புகிறார்கள். சுவரில் மூக்கு இடித்த மாதிரி இருக்கும். அது எனக்குப் பழகிய சுவர்.

அதன் பிறகு க்யூஸ்ட்ரோ ஊரில் கார்களின் இன்ஜினை மேம்படுத்தும் பட்டறை வைத்திருக்கும் நெவ்ஸாத் அக்டாஷ் என்பவரிடம் போனேன். அவர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பையனோட வண்டியா மேடம்?" என்று கேட்டார். "பையன் எம்பதுல போறவன். இது எனக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப மொதல்ல டயர மாத்துங்க, பிரேக்க மாத்துங்க. அது ரெண்டும் இல்லாம நான் கை வைக்க மாட்டேன்" என்றார். இரண்டையும் மாற்றினேன். அதன் பிறகு அவர் மடிக்கணினியை வண்டியில் இணைத்து, கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். நான் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. வாகனச் சோதனை நிலையத்தில் காரைக் காட்டி, மாற்றத்தைப் பதிவு செய்துகொண்டேன். காப்பீட்டுக் கம்பெனிக்கும் சொல்லிவிட்டேன். நெவ்ஸாத் மீது எந்தத் தவறும் இல்லை. எடுக்கச் சொன்னது நான்தான்.

சம்பவம் நடந்தது ஏப்ரல் மாதம், ஒரு வியாழக்கிழமை முற்பகல். கடைக்கு விடுமுறை விட்டிருந்த ஹென்ட்ரிக் என் வீட்டுக்கு வந்து, "நீ பண்ணி வெச்சிருக்கியே, அதுல ஒரு தடவ கூட்டிட்டுப் போயேன்மா" என்றான். நான் கூப்பிடவில்லை. வெயில் அடித்தது, சாலை காய்ந்திருந்தது. ஏ-20 நெடுஞ்சாலையில் மேற்கே போனோம். வேக வரம்புப் பலகை எதுவும் இல்லாத பகுதி அது. முன்னால் கண்ணுக்கு எட்டிய வரை வண்டி இல்லை என்று பார்த்த பிறகுதான் மிதித்தேன். ஹென்ட்ரிக் தன் கைபேசியில் வேகம் காட்டும் முள்ளை வீடியோ எடுத்தான். இருநூற்றைம்பதில் பழைய சுவர் இருந்த இடம் வந்தது. சுவர் இல்லை. இருநூற்றெண்பதைத் தாண்டினோம். அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று ஆய்வாளர் கேட்டார். அமைதியாக இருந்தது என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அதன் பிறகு வெகு தூரத்தில், வலது தடத்தில் இரண்டு லாரிகள் தெரிந்தன. பின்னால் போன லாரி முன்னால் போன லாரியை நெருங்கிக்கொண்டே இருந்தது, இடைவெளி விடவில்லை. உடனே காலை எடுத்து பிரேக்கை மிதித்தேன். அந்த லாரி விளக்குப் போட்டு இடது தடத்துக்கு வந்தபோது நான் அதன் வேகத்துக்கே இறங்கிவிட்டேன். ஒலிப்பான் அடிக்கவில்லை. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

அதன் பிறகு ஓய்விடத்தில் நிறுத்தினோம். எனக்குச் சாசேஜும் ரொட்டியும், அவனுக்குக் காபியும் வாங்கினேன். அவன் காபியைச் சட்டைக் கையில் கொட்டிக்கொண்டான். "பயந்துட்டியா?" என்று கேட்டுச் சிரித்தேன். பக்கத்து மேசையில் இருந்த லாரிக்காரர்களும் சிரித்தார்கள். திரும்பி வரும் வழி முழுவதும் அவன் சட்டைக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தான். "எடுத்தத திரும்ப மாட்டிரு" என்றான். மாட்டேன் என்றேன். "அப்ப சாவியக் குடு."

"சாவி என் கோட்டுப் பையில இருக்கு. கோட்ட நான் போட்டிருக்கேன்."

"உனக்கு அறுபத்தேழு ஆகுதும்மா."

"உன் வயசு என்னன்னும் எனக்குத் தெரியும். நான்தான் பெத்தேன்."

"போலீஸ்ல சொல்லிருவேன்."

"சொல்லு. அங்க வண்டி நிறுத்த இடம் கெடைக்காது, நேரத்தோட கெளம்பு" என்றேன்.

அவன் உண்மையிலேயே போனான். அவ்வளவு தைரியம் அவனுக்கு உண்டென்று நான் நினைக்கவில்லை. அதன் பிறகு போலீசார் வந்து என் காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கார் இப்போது இந்த நிலையத்தின் பின்முற்றத்தில் நிற்கிறது. ஒற்றை ஆளாகப் பந்தயம் ஓட்டியதாக விசாரணை என்றார்கள்; எதிரே ஆள் இல்லாவிட்டாலும் கண்மூடித்தனமாக உச்ச வேகத்துக்குப் போனால் சட்டத்தில் அதுவும் பந்தயம்தானாம். பந்தயம் என்றால் ஜெயிக்க ஆள் வேண்டும். அங்கே யாரும் இல்லை. என் புத்தியும் கண்ணும் சரியில்லை என்றும் புகாரில் இருந்ததால், மருத்துவரிடம் போனேன், ஓட்டுநர் தேர்வாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊருக்குள் ஓட்டியும் காட்டினேன். இரண்டிலும் குறை இல்லை என்று வந்தது.

இன்று ஆய்வாளர் அந்தக் கைபேசி வீடியோவை எனக்குப் போட்டுக் காட்டினார். அதில் ஒரு குரல், "இன்னும் போம்மா, இன்னும் அழுத்து" என்கிறது. அது யாருடைய குரல் என்று கேட்டார். என் மகனுடையது என்றேன். அவன் சின்ன வயதில் ஊஞ்சலில் கத்திய அதே குரல். அவன் தூண்டியதால்தான் ஓட்டினீர்களா, அப்படியானால் வழக்கு வேறு மாதிரி போகும் என்றார். அவன் சொல்வதற்கு முன்பே நான் மிதித்துவிட்டேன். அந்த மிதியில் ஒரு காலுக்குத்தான் இடம் உண்டு, அது என் கால். இதை அப்படியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு, கட்டுப்பாட்டைத் திரும்பப் போட ஒப்புக்கொண்டால் மகன் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்கிறார், அரசு வழக்கறிஞரும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆய்வாளர் சொன்னார். முடியாது என்றேன். வெளியே காத்திருந்த ஹென்ட்ரிக்கை என் சம்மதத்தின் பேரில் உள்ளே அழைத்தார். அவன் உட்காரவில்லை.

"அந்த லாரி வெளிய வரும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டான்.

"முப்பது வருஷம் அந்த லாரிக்குள்ள உக்காந்திருந்தது யாரு?"

"எனக்குத் தெரியலம்மா. நாம செத்துட்டோம்னே நெனச்சேன். உன்ன பக்கத்துல பாத்தா நீ சும்மா உக்காந்திருந்த" என்றான்.

அதன் பிறகு, "புகார வாபஸ் வாங்க மாட்டேன்" என்றான். "வாங்காத. நானும் திரும்ப மாட்ட மாட்டேன்" என்றேன். நீதிமன்றம் காரை எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும், ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டால் கொடுப்பேன். என் கையால் அந்தச் சுவரைத் திரும்பக் கட்ட மாட்டேன். வீட்டுக்கு எப்படிப் போவாய் என்று கேட்டான். பஸ் இருக்கிறது என்றேன். தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். சரி என்றேன்.

எழுதியதை ஆய்வாளர் எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. கடைசியில் மட்டும் 'நடந்ததற்கு வருந்துகிறேன்' என்று ஒரு வரி இருந்தது. வழக்கமாகச் சேர்ப்பதுதான் என்றார். அது நான் சொன்னதல்ல என்பதால் அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்தில் சிறு கையொப்பம் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் உண்மை, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் என் வாயால் சொன்னது.

(ஒப்பம்) ரோஸ்விதா கெர்லாக்

என் முன்னிலையில்: வீப்கே ஹார்ம்ஸ், ஆய்வாளர்