பூனைக்கு அடியில

மெதுவா, மெதுவா! அந்த மண் பூனையை மிதிச்சிடாதீங்க தம்பி. இந்த வீட்டு ஸ்பேர் சாவியெல்லாம் அதுக்கு அடியிலதான் கிடக்கு. எங்களுக்கு ஸ்பேர் சாவிக்குப் பேரே பூனைதான். பூனையை எடுத்தியான்னா சாவியை எடுத்தியான்னு அர்த்தம். உக்காருங்க.

புரியுது. எல்லாம் விழுந்து கிடக்கு, நான் வந்து தூக்கி நிறுத்தணும். அதுக்குத்தானே வீடு தேடி வந்திருக்கீங்க? உங்க சாஃப்ட்வேர் தொகுப்புல போய்ப் பாருங்க, என் பேரு எங்கயாவது இருக்கான்னு. கோவமெல்லாம் இல்லைங்க. சரி, கோவம்தான். இருக்காதா பின்ன?

எத்தனை வருஷம் பார்த்துக்கிட்டேன்! தேதியை ஒழுங்கா எழுதிக் குடுக்கற ஒரு சின்ன புரோகிராம். ஒருத்தரும் அதைத் தேடி வந்து எடுக்க மாட்டாங்க. ஆனா பில் போடற சாஃப்ட்வேர் அது மேல நிக்குது, டிக்கெட் போடறது நிக்குது, அதுங்க மேல இன்னும் என்னென்னவோ. உங்க தொகுப்பே அப்படித்தானே வளந்துச்சு? யாரு பிளான் போட்டுக் கட்டினா? ஆளுக்கொண்ணு எழுதி எல்லாருக்கும் சும்மா குடுத்தாங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிச்சு. மேல இருக்கறவனுக்குக் கைதட்டு. அடியில யாரு இருக்கான்னு, ஒடைஞ்சாதான் தேடறீங்க.

எனக்கு வயித்துல ஆபரேஷன். ஆஸ்பத்திரியில கிடந்தேன். அந்த நேரம் பார்த்து உங்ககிட்டேருந்து மெயில், இருக்கீங்களா, பதில் போடுங்கன்னு. ஒண்ணு இல்ல, மூணு. நான் பார்க்கவே இல்லை. பதில் வரலைன்னதும் உங்க வழக்கப்படி என் புரோகிராம் மேல ஒரு சீட்டு ஒட்டினீங்க பாருங்க, அநாதைன்னு! என்ன வார்த்தைங்க அது? பெத்தவ ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டு உயிரோட படுத்திருக்கேன், பிள்ளை அநாதையாம்.

மறுநாளே கரப்பான்னு ஒரு புனைபேரு வந்து, நான் எடுத்து வளக்கறேன்னு கை தூக்கிடுச்சு. நீங்களும் தாரை வாத்துட்டீங்க. உங்களைக் குத்தம் சொல்லலை, விதி அப்படி.

வந்ததும் வராததுமா அது என்ன பண்ணுச்சு? பழசு, யாருக்கும் வேணாம்னு ஒரு துண்டை வெட்டிக் கடாசிடுச்சு. தொடாதேன்னு பக்கத்துலயே எழுதி வச்சிருந்தேனே, கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு? இந்த மாதிரி இடத்துல எதை வேணா சேக்கலாம், கழிக்கறதுக்கு முன்னாடி நூறு தடவை யோசிக்கணும். அது மேல எவன் நிக்கறான்னு நமக்கே தெரியாது.

என்னது, கரப்பான் உங்க மெயிலுக்கும் பதில் போடலையா? போடாது. வெலவெலத்துப் போயிருக்கும்.

தெரியும்ங்க, யாருன்னு தெரியும். வீட்டுக்கு வந்ததும் அது எழுதினதை வரி வரியாப் படிச்சேன். வந்த தேதி தப்பா இருந்தா எடுத்துக்கலாம்னு ஸ்பேரா ஒரு தேதி வச்சிருப்போம் இல்ல? அதுக்குப் பேரு வச்சிருக்கு. பூனைன்னு.

இந்த வீட்டை விட்டா வேற எவன் ஸ்பேருக்குப் பூனைன்னு பேரு வைப்பான்? ரொம்ப நாளா வேலையில்லாம இருந்தாரு, பாவம். இந்தப் புரோகிராமை நான்தான் பார்த்துக்கறேன்னு காட்டித்தான் இப்ப பெரிய கம்பெனியில சேந்திருக்காரு. வாய் விட்டுக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே தம்பி! நீ ரெஸ்ட் எடும்மா, ஃபோனை நான் பார்த்துக்கறேன்னு கட்டில் பக்கத்துல உக்காந்து தலையைத் தடவிக் குடுத்தாரு. நர்ஸுங்க கண்ணு பட்டுடப் போவுதுன்னு நான் பயந்தேன். இன்னைக்கு வரைக்கும் அவரும் சொல்லலை, நானும் கேக்கலை.

சரி, விடுங்க. இன்னைக்கே சரி பண்ணித் தர்றேன். நம்பி மேல நிக்கறவங்க என்ன பாவம் பண்ணாங்க? ஆனா பதில் வரலைன்னு மறுபடி அந்த அநாதைச் சீட்டை எடுத்துக்கிட்டு வராதீங்க. எனக்கு மூணு மெயில் போட்டீங்க, ஒருத்தராவது வந்து கதவைத் தட்டினீங்களா? அவரையாவது தட்டிக் கேளுங்க.

தூரமெல்லாம் போக வேணாம். அந்தா, அந்த ரூம்தான். புரோகிராம் ஒடைஞ்சதுலேருந்து உள்ள பூட்டிக்கிட்டு இருக்கார் என் வீட்டுக்காரர். தொறக்கலைன்னா, பூனை எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியுமே.