ஒண்ணுமே இல்லாத ஆளு

கேளம்பாக்கம் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பேர். ஒருவர் மனை வியாபாரி. மடியிலிருந்த நோட்டீஸ் கட்டில் அவர் படமே சிரித்துக்கொண்டிருந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“மச்சான், நான் ஒண்ணுமே இல்லாத ஆளுன்னு நீ எழுதிக் குடுக்கணும்.”

“இன்னாடா ஆச்சு?”

“நெட்டுல யார் வேணா எழுதலாம்னு ஒரு கலைக்களஞ்சியம் கீதுல்ல? அதுல என்னைப் பத்தி நானே எழுதுனேன், ரியல் எஸ்டேட் சக்கரவர்த்தின்னு. ஆதாரம் இல்ல, தூக்கப் போறோம்னாங்க.”

“பொறந்தநாளு ஃப்ளெக்ஸை போட்டோ புடிச்சுப் போட வேண்டியதுதானே?”

“போட்டேன். நீயே வெச்ச ஃப்ளெக்ஸு செல்லாதாம். வேற யாராவது பேப்பர்ல எழுதியிருக்கணுமாம். அப்புறம் அவங்களே தேடிக் கண்டுபுடிச்சிட்டாங்க.”

“நல்லதுதானே?”

“ஏரியில பிளாட் போட்டு வித்தேன்னு வந்துச்சே, அந்த நியூஸு. அதை மட்டும் வெச்சுகினு, நான் எழுதுன எல்லாத்தையும் அடிச்சிட்டாங்க.”

“தூக்கிடுங்கன்னு கேளு.”

“கேட்டேனே! நான் ஒண்ணுமே இல்லாத ஆளு, வுட்டுடுங்கன்னு கெஞ்சினேன். ‘இல்லீங்க, இப்பதான் நீங்க முக்கியமானவரு’ன்றாங்க.”