ஐம்பத்தாறு பதிவுக்கு ஒரே மூலவர்

ஹலோ... ஹலோ, கிரிதரா? வச்சலா பேசறேன்பா... சாப்பாட்டுக்கடை வச்சலா, குப்பத்துலேர்ந்து... ஆமா ஆமா, நீ நெட்டுல எழுத பிளாக் கட்டிக் குடுத்தியே, அதே வச்சலாதான்... நல்லா கீறேன். இல்ல, நல்லா இல்ல. மொதல்ல வண்டிய ஓரமா நிறுத்து.

நிறுத்திட்டியா?... கூகுள்ல நம்ம கரை பேரப் போடு. இன்னா வருது?... அதான். 'குழந்தைகளும் பயமின்றிக் குளிக்கலாம்.' என் மொத பதிவுல நான் எழுதினதுதான், இல்லன்னு சொல்லல. அது ஆறு வருசத்துக்கு முந்தி. அப்புறம் தூண்டில் வளைவுன்னு கடல்ல கல்லக் கொட்டினாங்களா, அதுலேர்ந்து தண்ணி சுழிச்சு உள்ள இழுக்குது. 'இறங்காதீர்கள்'னு மூணு பதிவு எழுதிட்டேன்பா, மூணு! தேடினா ஒண்ணாவது வருதா?...

இரு, முழுசாக் கேளு. அந்தப் பழைய பதிவுக்கு அடியில இன்னிக்குக் காலையில ஒருத்தர் எழுதிகீறாரு. 'நன்றி மேடம், காஞ்சிபுரத்துலேர்ந்து ரெண்டு குழந்தைங்களோட கிளம்பறோம், பத்து மணிக்குக் கடல்ல இருப்போம்'னு... மணி ஒம்போதரை ஆவுது!... பதில் போட்டேன், போடாம இருப்பனா? வண்டி ஓட்டறவரு அதப் பாக்கணுமே... நம்பர் ஏது?

கூகுள் மேல பழியப் போடாத. கல்பாக்கத்துல என் நாத்தனார் பொண்ணு தேவிப்பிரியா, கம்ப்யூட்டர் படிச்சவ, நேத்துதான் தோண்டிப் பாத்தா. ஒவ்வொரு பதிவுக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாம ஒரு வரி கீதாம். கேனானிக்கலாம். 'நான் நகலு, என் அசல் அங்க கீது, அங்க போ'ன்னு வழி காட்டுமாம். ஐம்பத்தாறு பதிவுலயும் அந்த மொத பதிவோட முகவரிதானாம்! கூகுள் வருது, வரியப் படிக்குது, சரிதான்னு மீதியெல்லாம் கழிச்சு வுட்டுட்டுப் போய்கினே கீது... நீதான போட்ட?

...இன்னாது? மூலவரா?

இன்னொரு தபா சொல்லு... கேனானிக்கல்னா மூலம்... ஒரு கோயிலுக்கு ஒரே மூலவர்... மத்ததெல்லாம் உற்சவர்... யப்பா சாமி! உங்கப்பா பெருமாளுக்குச் சேவை செய்யறாரு, சரி. அதுக்கு என் பிளாக்குலயும் கருவறை கட்டுவியா? ஒரே சமாச்சாரம் ரெண்டு எடத்துல கெடந்தா எது அசல்னு காட்டத்தான்டா அந்த வரி. என் நெத்திலிக் கொழம்பும் கல்லு கொட்டின கதையும் ஒண்ணா? ஒவ்வொரு பதிவும் தனித்தனிக் கோயிலு. அதது முகவரி அததுல இருக்கணும்... சிரிக்காத!

ம்... மாத்து... மாத்தினா எப்பத் தெரியும்?... கூகுள் திரும்ப வந்து பாக்கணுமா... ஒரு வாரமா?... ரெண்டு கூட ஆவுமா! புள்ளைங்க இன்னும் அரை மணியில தண்ணில நிக்கும், நீ வாரக் கணக்கு சொல்ற!

இரு இரு. எல்லாரும் அந்த மொத பதிவுக்குத்தான வர்றாங்க? அப்ப அதோட தலையிலயே எழுதுடா!... எனக்குப் புதுசு போட மட்டுந்தான சொல்லிக் குடுத்த, பழசத் திருத்த எங்க காட்டின? செல்லுலயே செய்வியா?... சொல்றேன், டைப் அடி. 'இந்தக் கரையில் இறங்காதீர்கள். சென்ற மாதம் ஒருவரைக் கடல் கொண்டுபோய்விட்டது'...

ஆமா. நெசந்தான்... காலேஜ் புள்ள... கூட வந்த பசங்க செல்ல நீட்டி, 'இங்க குளிக்கலாம்னு போட்டிருக்கே ஆன்ட்டி'ன்னு என்கிட்டயே காட்டினாங்க கிரி. என் பதிவ.

...சரி, விடு. அப்புறம் ஒக்காந்து ரெண்டு பேரும் வருத்தப்படலாம், இப்ப அடி. செவப்புல போடு, பெருசா...

போட்டியா?... திறக்கறேன். சுத்துது... சுத்திகினே கீது... ஆங், வந்துடுச்சு. நல்லாத் தெரியுது, ஆமா ஆமா...

இரு. அடியில புதுசா ஒண்ணு வந்துகீது. அவருதான். 'சீக்கிரமே வந்துட்டோம் மேடம், எந்தப் பக்கம் இறங்கணும்?'

கிரி, போன வை. நான் கரைக்கு ஓடறேன்... கொழம்பு தீஞ்சா தீயட்டும், வைடா!